உதட்டுக் கொப்புளத்துக்கு ஓர் ஆயுள்

சுங்கை சிப்புட்

அன்புள்ள கூட்டாளி,

உன் கடிதம் கிடைத்தது. நலம் விசாரித்து இரண்டு வரி, பேத்தியைத் திட்டி இரண்டு பக்கம். வீட்டுக்காரியிடம் படிக்கக் கொடுத்தேன். "கிராணி மகனுக்கு வயசு ஏறுது, கோபம் இறங்கக் காணோம்" என்றாள்.

இங்கே பெரிய விசேஷம் இல்லை. தோட்டத்தில் மிச்சமிருந்த பால்மரங்களையும் வெட்டிச் செம்பனை நட்டுவிட்டார்கள். பழைய லயத்தில் இப்போது வங்காளதேசத்துப் பையன்கள். மாரியம்மன் கோயில் தீமிதிக்கு மட்டும் கிள்ளானிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் நம் ஆட்கள் வந்து இறங்குகிறார்கள், உன்னைத் தவிர.

"ஊசி போடுகிற டாக்டராக வருவாள் என்று பார்த்தால், உதட்டுக் கொப்புளத்துக்கு நாலு வருஷம் ஆராய்ச்சியாம்" என்று எழுதியிருக்கிறாய். அந்தக் கொப்புளத்துக்குக் காரணம் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ். 50 வயதுக்கு உட்பட்டவர்களில் மட்டும் சுமார் 380 கோடிப் பேர் உடம்பில் இதன் முதல் வகை இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அந்தக் கூட்டத்தில் நீயும் உண்டு என்று அடித்துச் சொல்வேன். பரீட்சை நெருங்கினாலே உன் உதட்டோரம் கொப்புளிக்கும். உங்க அம்மா 'உள்சூடு' என்று வெந்தயம் ஊறவைத்துத் தருவார். ஒருமுறை உள்ளே போன வைரஸ் முகத்து நரம்பு முடிச்சில் பதுங்கிக்கொள்ளும்; உடம்பு அசரும்போது மறுபடி வெளியே வரும். சிலருக்குக் கண்ணைக் கெடுக்கும். அபூர்வமாக மூளைக்கே ஏறிவிடும். அசைக்ளோவிர் மாத்திரை அது பெருகுவதைத்தான் தடுக்கும், பதுங்கியிருப்பதைத் துரத்தாது.

இந்த ஒரே வைரஸை வைத்துப் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆயுளே வேலை பார்த்த அம்மாள் ஒருவர் இருக்கிறார்: அமெரிக்காவில் சிகாகோ பக்கம், பெட்ரீசியா ஸ்பியர். வைரஸ் உயிரணுவுக்குள் எப்படி நுழைகிறது என்பதுதான் அவர் விடாமல் கேட்ட கேள்வி. ஆஸ்பத்திரி லேப்பில் காலம் தள்ளிய எனக்கு முதல் பதிலே இனித்தது. ரத்தம் உறையாமல் இருக்க பச்சை மூடிக் குழாயில் ஹெப்பாரின் தடவி வைத்திருப்போம். அதற்கு உறவுக்காரச் சர்க்கரை ஒன்று, ஹெப்பாரன் சல்பேட், நம் உயிரணுக்களின் மேல் படர்ந்திருக்கிறது. வைரஸ் முதலில் பிடிப்பது அதைத்தான் என்று ஸ்பியரும் அவருடைய மாணவரும் 1989இல் காட்டினார்கள். ஹெப்பாரினைக் கலந்தால் வைரஸ் ஏமாந்து அதில் ஒட்டிக்கொள்கிறது, உயிரணு தப்பிக்கிறது.

ஆனால் ஒட்டுவது வேறு, உள்ளே போவது வேறு. சீன ஹாம்ஸ்டர் எலியின் சூலக உயிரணுக்கள்மேல் இந்த வைரஸ் ஒட்டும், நுழையாது. அந்த அணுக்களுக்குள் மனித மரபணுக்களைக் கூட்டம் கூட்டமாகச் செலுத்தி, எது போனதும் வைரஸ் நுழைகிறது என்று சலித்தெடுத்தார்கள். 1996இல் ஓர் ஏற்பி, அதாவது வைரஸ் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைய உதவும் உயிரணுப் புரதம், அகப்பட்டது. வேறு ஆளாக இருந்தால் மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அது இல்லாத அணுக்களிலும் வைரஸ் நுழைகிறதே என்று இவர்கள் தேடலைத் தொடர்ந்தார்கள். 1998இல் நெக்டின்-1 கிடைத்தது. பக்கத்துப் பக்கத்து உயிரணுக்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் புரதம் அது. தோலிலும் நரம்பிலும் உண்டு. கொப்புளம் உதட்டில், பதுங்குமிடம் நரம்பில் என்பது இப்போது பொருந்துகிறதா?

பலன் என்ன என்று கேட்பாய். ஏற்பியைப் பிடிக்கும் வைரஸ் புரதத்தை வைத்துச் செய்த தடுப்பூசி ஒன்று, பெரிய சோதனையில் இரண்டாம் வகை ஹெர்பிஸிடம் தோற்றது. 2012இல் முடிவு வந்தது. இன்றுவரை இந்த வைரஸுக்கு அங்கீகரிக்கப்பட்ட தடுப்பூசி இல்லை. ஆகவே பேத்தி அவசரமாக யாரையும் காப்பாற்றிவிடுவாள் என்று நான் சொல்லவில்லை.

ஆனால் நம் ஊர்ப்பக்கமே யோசித்துப் பார். 1998 கடைசியில் ஈப்போ பக்கம் பன்றிப்பண்ணை ஆட்கள் காய்ச்சலில் விழுந்தபோது ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றார்கள். கொசுப்புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள், சாவு நிற்கவில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் நீப்பா என்ற புது வைரஸைப் பிரித்தெடுத்த பிறகுதான் வழி தெரிந்தது. அதற்குள் நெகிரி செம்பிலான்வரை பரவி, மொத்தம் 265 பேருக்கு மூளைக்காய்ச்சல், 105 பேர் சாவு. சுமார் 10 லட்சம் பன்றிகளைக் கொன்றார்கள். நீப்பா எந்த ஏற்பி வழியாக நுழைகிறது என்பது 2005இல் தெரிந்தது: எஃப்ரின்-பி2. ரத்தக்குழாய்ச் சுவரிலும் நரம்பணுவிலும் இருப்பது. வௌவால், பன்றி, மனிதன் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பது. ஏன் மூளையைத் தாக்கியது, ஏன் இனம்விட்டு இனம் தாவியது என்பதற்கு அதில் பாதி விளக்கம் இருக்கிறது. இதற்கான கைப்பழக்கமெல்லாம் கொப்புளம், சளி, இளம்பிள்ளைவாதம் என்று சாதாரண வைரஸ்களோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டியவர்களிடமிருந்து வந்தது. நோய் வந்த பிறகு அந்த ஆட்களைக் கடையில் வாங்க முடியாது.

பிள்ளையைத் தடுக்காதே. சம்பளம் குறைவு, நிரந்தர வேலை கிடைப்பது கஷ்டம் என்று நீ பயப்படுவது நியாயம்தான். அதை அவளிடம் நேராகப் பேசு. 'கொப்புளம்' என்று கேலி பேசாதே.

அவளிடம் என் சார்பில் ஒன்று கேள். பெரும்பாலோருக்கு உதட்டோடு நிற்கிற வைரஸ், சிலருக்கு மட்டும் மூளைவரை போவது ஏன்? கொஞ்சம் படித்திருக்கிறேன், அவள் வாயால் கேட்க ஆசை. பதிலை எழுதி அனுப்பு. திட்டு மட்டும்தான் என்றால் முத்திரைக் காசை மிச்சம் பிடி.

உன் கூட்டாளி