99.97 மட்டும் போதாது: காற்று வடிகட்டி செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

காற்று வடிகட்டிகளும் சுத்திகரிப்பு இயந்திரங்களும் தயாரிக்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். நான் மரவேலை செய்பவன். வீட்டை ஒட்டியே பட்டறை. உங்களிடம் ஃபில்டரை மட்டும் வாங்கி, மின்விசிறி, அட்டை, டேப் எல்லாம் சேர்த்துக் காற்று சுத்திகரிப்பானை நானே கட்டிக்கொள்ளும் ரகம். என்னைப் போன்றவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். நாங்கள் உங்கள் வாடிக்கையாளர்கள்தான் என்றாலும், ஃபில்டர் பெட்டியின் மேல் நீங்கள் அச்சிடும் எதுவும் எங்களை நினைத்து அச்சிட்டதாகத் தெரியவில்லை. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

எடுத்த எடுப்பிலேயே நான் இந்த வேலையில் இறங்கிவிடவில்லை. முதலில் கடையில் விற்கும் இயந்திரம்தான் வாங்கினேன். நிறுவனத்தின் பெயர் எதற்கு, விடுங்கள். நன்றாகவே ஓடியது. நாலாவது வருடம் ஃபில்டர் மாற்றக் கேட்டபோது, அந்த மாடலை நிறுத்திவிட்டோம் என்றார்கள். அடுத்த மாடலின் ஃபில்டர் விட்டத்தில் ஒரு விரல் தடிமன் கூடுதல், உள்ளே நுழையாது. மோட்டாருக்கு ஒன்றுமில்லை, சுவிட்சுக்கும் ஒன்றுமில்லை. மடித்த காகித வளையம் ஒன்று கிடைக்காததால் முழு இயந்திரமும் பரணுக்குப் போனது. போவதற்கு முன் கழற்றிப் பார்த்தேன். ஒரு மோட்டார், ஒரு விசிறிச் சக்கரம், ஒரு ஃபில்டர். இதற்குள் வேறென்னவோ இருக்கிறது என்று நாலு வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன்!

சரி, நாமே கட்டலாம் என்று இறங்கினேன். வழி ஏற்கெனவே போட்டிருந்தது. 2013-ல் பெய்ஜிங்கில் இருந்த தாமஸ் டால்ஹெல்ம் என்ற ஆய்வு மாணவர், சாதாரண மின்விசிறியின் முன் ஒரு ஹெபா ஃபில்டரை, அதாவது நுண்துகளைப் பிடிக்கும் அடர்த்தியான ஃபில்டரைக் கட்டி, துகள்களை எண்ணும் கருவியால் அளந்து காட்டினார். 2020-ல் ரிச்சர்ட் கோர்சி என்ற பொறியியல் பேராசிரியர், ஒரு ஃபில்டருக்குப் பதில் பல ஃபில்டர்களைப் பெட்டிபோல நிறுத்தி மேலே விசிறியை வைக்கலாமே என்று யோசனை சொன்னார். ஜிம் ரோசன்தால் அதைக் கட்டினார். கோர்சி–ரோசன்தால் பெட்டி என்று இன்று உலகம் முழுக்க அழைப்பது அதைத்தான். ரோசன்தால் யார் தெரியுமா? ஃபில்டர் நிறுவனம் நடத்தியவர், அதாவது உங்களில் ஒருவர். அதனால்தான் உங்களிடம் கேட்கத் துணிந்தேன்.

என் முதல் முயற்சி சொதப்பல். சதுர விசிறி ஒன்றின் முதுகில் ஒரே ஒரு ஹெபா ஃபில்டரை ஒட்டினேன். பெட்டியில் 99.97 சதவீதம் என்று பெரிதாகப் போட்டிருந்ததால், அதைவிட நல்லது இல்லை என்று நினைத்துக்கொண்டேன். விசிறி முனகியது. முன்னால் கையை நீட்டினால் காற்று வருவதே தெரியவில்லை. மோட்டார் மட்டும் சூடேறியது. பிறகுதான் புரிந்தது. சாதாரண விசிறி தடையில்லாத இடத்தில் காற்றைத் தள்ளுவதற்குச் செய்தது. அதனால் உண்டாக்க முடிந்த அழுத்தமே சில பத்து பாஸ்கல்தான். அடர்த்தியான ஃபில்டரைக் குறுக்கே வைத்தால் இறக்கை சுற்றும், காற்று நகராது.

99.97 என்பது ஃபில்டர் துணியைப் பற்றிய எண், என் அறையைப் பற்றியதல்ல. 0.3 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுத் துகள்கள் ஒருமுறை அதற்குள் போனால் எவ்வளவு பிடிபடும் என்பதை அது சொல்கிறது. அதைவிடப் பெரியவை நாரில் மோதிச் சிக்கும். மிகச் சிறியவை காற்று மூலக்கூறுகளால் அலைக்கழிக்கப்பட்டு நாரில் போய் ஒட்டும். இடைப்பட்ட 0.3 மைக்ரான்தான் நழுவுவதில் கெட்டிக்காரன் என்பதால் அதை வைத்துச் சோதிக்கிறார்கள். நியாயமான சோதனைதான், குறை சொல்லவில்லை. ஆனால் அறைக் காற்று ஒரே தடவை ஃபில்டருக்குள் போய்விட்டு நின்றுவிடுவதில்லை. சுற்றிச் சுற்றி வருகிறது. மணிக்கு 100 கன மீட்டர் காற்றை 99.97 சதவீதம் சுத்தம் செய்தால் கிடைப்பது சுமார் 100 கன மீட்டர் சுத்தக் காற்று. மணிக்கு 400 கன மீட்டர் காற்றை வெறும் 60 சதவீதம் சுத்தம் செய்தால் 240 கிடைக்கும். பெட்டி அட்டையைப் பார்த்து வாங்குபவர் முதலாவதைத்தான் எடுப்பார். நானும் அதைத்தான் எடுத்தேன்.

கோர்சி–ரோசன்தால் பெட்டியின் சூட்சுமமும் இதுதான். அதில் இருப்பது ஹெபா அல்ல, மெர்வ் 13, அதாவது துகள் பிடிக்கும் திறனை வைத்து ஃபில்டருக்கு எண் தரும் மெர்வ் வரிசையில் 13. அந்தத் தரத்துக்கு 0.3 முதல் 1 மைக்ரான் வரையிலான துகள்களில் பாதியைப் பிடித்தால் போதும். 1 முதல் 3 மைக்ரானில் 85 சதவீதம். ஆனால் நாலு பக்கமும் ஃபில்டர் நிற்பதால் காற்று நாலாகப் பிரிகிறது, ஒவ்வொன்றிலும் நுழையும் வேகம் கால்வாசியாகிறது, தடையும் ஏறக்குறைய அதே கணக்கில் இறங்குகிறது. விசிறி முனகாது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் அந்தப் பெட்டியை அளந்தபோது, விசிறியின் வேகத்தைப் பொறுத்து மணிக்குச் சுமார் 1000 முதல் 1400 கன மீட்டர் வரை சுத்தக் காற்று கிடைத்தது. அட்டையும் டேப்பும் செய்த வேலை அது.

ஆகவே எங்களுக்கு முதலில் வேண்டியது, காற்றுத்தடை எவ்வளவு என்ற தகவல். எந்த அளவு காற்று ஓடும்போது எத்தனை பாஸ்கல் தடை என்று நாலைந்து புள்ளிகள் போதும். இது உங்களிடம் இல்லாத தகவல் அல்ல. தரச் சோதனையில் அளக்கிறீர்கள். பெரிய கட்டடங்களின் ஏசி பொறியாளர் கேட்டால் வரைபடமாகவே கொடுக்கிறீர்கள். வீட்டுக்கு ஒன்றிரண்டு வாங்குகிறவனுக்கு மட்டும் பெட்டியில் ஒரு பச்சை இலையும் சிரிக்கிற குழந்தையும்.

அடுத்தது அளவு. 20 அங்குலம் என்று அச்சிட்ட ஃபில்டரைப் பிரித்து அளந்தால் பத்தொன்பதரை இருக்கிறது. தொழிலில் இது வழக்கம், சட்டத்துக்குள் எளிதாக நுழையத்தான் குறைத்து வைக்கிறார்கள் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டேன். ஆனால் அதற்குள் 20 அங்குலத்துக்குப் பலகை அறுத்து முடித்துவிட்டேனே! சுற்றிலும் கால் அங்குல இடைவெளி. காற்று கஷ்டப்பட்டு ஃபில்டருக்குள் போகுமா, சந்தில் புகுந்து போகுமா? சந்தில்தான் போகும். மெல்லிய காகிதத் துண்டை ஓரத்தில் பிடித்தால் உள்ளே இழுத்துக்கொள்வதைக் கண்ணால் பார்க்கலாம். உண்மையான அளவை மில்லிமீட்டரில் அச்சிட்டால் போதும், பலகை வீணாகாது. மடிப்பையெல்லாம் விரித்தால் துணியின் மொத்தப் பரப்பு எவ்வளவு என்பதையும் சேர்த்துப் போடுங்கள். வெளியே ஒரே மாதிரி தெரியும் இரண்டு ஃபில்டர்களில் ஒன்றுக்கு மற்றதைவிட மடிப்பு அதிகம் இருக்கும். தடையும் ஆயுளும் அதில்தான் அடங்கியிருக்கின்றன.

மூன்றாவது, கொஞ்சம் சங்கடமானது. உங்கள் ஃபில்டர்களில் பல, நாரில் ஏற்றிய நிலைமின்னூட்டத்தை நம்பியே அந்த மெர்வ் எண்ணை எட்டுகின்றன. அதில் தவறில்லை. தடையைக் கூட்டாமல் பிடிக்கும் திறனைக் கூட்டுவது நல்ல தந்திரம்தான். ஆனால் மின்னூட்டம் நிரந்தரமல்ல. தூசி படியப் படியக் குறையும். ஆல்கஹால் பட்டால் போய்விடும். மெர்வ் அளவீட்டைத் தரும், ஆஷ்ரே என்ற அமெரிக்கப் பொறியாளர் சங்கத்தின் 52.2 தரத்திலேயே, மின்னூட்டம் குறைந்த பின் திறன் எவ்வளவு மிஞ்சும் என்று சோதிக்கும் விருப்பச் சோதனை இருக்கிறது. ஐஎஸ்ஓ 16890 என்ற சர்வதேசத் தரம் 2016-ல் வந்தபோது, மின்னூட்டம் நீக்கிய பிறகும் ஒருமுறை அளப்பதைக் கட்டாயமாக்கியே விட்டது. அந்த எண்ணையும் போடுங்கள். இதை அறியாமல் எங்கள் ஆட்களில் சிலர் ஃபில்டரைக் கழுவிக் காயவைத்து மறுபடி மாட்டுகிறார்கள். பார்வைக்குப் புதிது போல இருக்கும். நுண்துகளைப் பிடிக்கும் திறன்தான் குறைந்திருக்கும்.

பட்டறைக்காரனுக்கு இதெல்லாம் ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்கலாம். ரம்பத்துக்குக் கீழே குவியும் தூளைப் பற்றி எனக்குக் கவலையில்லை, பெருக்கினால் போயிற்று. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது எழுகிறதே, வெயில் கீற்றில் மட்டும் தெரியும் அந்தப் பொடிதான் ஆபத்து. அசையாத காற்றில் 10 மைக்ரான் துகள் ஆள் உயரத்திலிருந்து தரைக்கு வரப் பத்து நிமிடம் ஆகும் என்றால், 1 மைக்ரான் துகளுக்குப் பதினைந்து மணி நேரம் ஆகலாம். வேலையை முடித்து, முகமூடியைக் கழற்றி மாட்டிவிட்டு, அப்பாடா என்று மூச்சு இழுக்கும்போதும் அது அங்கேயே மிதந்துகொண்டிருக்கிறது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளை 1995-லேயே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில், முதல் குழுவில் வைத்துவிட்டது. இயந்திரத்தின் வாயிலேயே தூசியை உறிஞ்சும் குழாயும் முகமூடியும்தான் முதல் காவல். நான் உத்தரத்தில் தொங்கவிட்டிருக்கும் பெட்டி, அவற்றுக்குத் தப்பியதைத் துரத்திப் பிடிக்க மட்டுமே.

இதைக் கட்டுபவர்கள் செய்யும் தப்புகளையும் மறைக்க விரும்பவில்லை. ஒரு பெட்டியை மாட்டிவிட்டு முகமூடியைத் தூக்கி எறிகிறவர்கள் இருக்கிறார்கள். வார்னிஷ், தின்னர் வாடையை நார் ஃபில்டர் பிடிக்கும் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். அது வாயு, அதை உறிஞ்சும் கரி நிறைய வேண்டும், இல்லையென்றால் ஜன்னலைத் திறக்க வேண்டும். கிரைண்டர் பொறி பறக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அட்டைப்பெட்டி வைப்பதைப் பார்த்து நானே கத்தியிருக்கிறேன். ஆனால் இதைக் காட்டி, கையால் கட்டுவதே ஆபத்து என்று மொத்தமாகச் சொல்லிவிடாதீர்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதில் பொறுப்பாக நடந்துகொண்டது. பெட்டி விசிறியோடு ஃபில்டரைக் கட்டி, காற்று போகும் வழியை அடைத்து, சூட்டை அளந்து பார்க்க ஏற்பாடு செய்தது. பிறகு, 2012-க்குப் பின் வந்த, பாதுகாப்பு ஃபியூஸ் உள்ள விசிறிகளைப் பயன்படுத்துங்கள், கவனிக்காமல் விட்டுவிடாதீர்கள் என்று வழி சொன்னது. பயமுறுத்துவதைவிட அது மேல். அதே முகமை ஓசோன் வெளியிடும் கருவிகளைப் பற்றியும் எச்சரித்திருக்கிறது. உங்களில் சிலர் அவற்றையும் காற்றுச் சுத்திகரிப்பான் என்ற பெயரில்தான் விற்கிறீர்கள் என்பதை நினைவுபடுத்துகிறேன்.

முழு இயந்திரம் விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சிஏடிஆர், அதாவது மணிக்கு எவ்வளவு சுத்தக் காற்று என்ற எண்ணை நீங்கள் போடுவது நல்லது. ஆனால் அது உச்ச வேகத்தில் அளந்தது. அந்த வேகத்தில் அதை யார் ஓட்டுகிறார்கள்? ராத்திரி அறையில் அப்படிப் போட்டால் தூக்கம் வராது, குறைத்துவிடுவார்கள். விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்று பாதியாகும், சத்தம் சுமார் 15 டெசிபல் இறங்கும். ஆகவே மெதுவாக ஓடும் பெரிய பெட்டியே வீட்டுக்கு ஏற்றது. ஒவ்வொரு வேகத்துக்கும் சிஏடிஆர் எவ்வளவு, சத்தம் எவ்வளவு என்று ஒரு சின்ன அட்டவணை போட்டால், வாங்குபவர் தன் அறையை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்வார். நாலு மீட்டருக்கு நாலு மீட்டர், மூன்று மீட்டர் உயரம், 48 கன மீட்டர். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்வதுபோல மணிக்கு ஐந்து தடவையாவது காற்று சுத்தமாக வேண்டுமென்றால் 240. தூங்கும் வேகத்தில் உங்கள் இயந்திரம் அதைத் தருமா, தராதா? அட்டையைப் பார்த்தால் தெரியவில்லை.

நீங்கள் போடாவிட்டாலும் நாங்கள் அளந்துவிடுகிறோம் என்பது வேறு விஷயம். கையடக்க லேசர் துகள்மானி ஒன்று, ஒரு கடிகாரம். கதவைச் சாத்தி அறையில் லேசாகப் புகை போட்டு, பெட்டியை ஓடவிட்டு, அளவு பாதியாக எவ்வளவு நேரம் என்று பார்ப்பேன். 40 கன மீட்டர் அறையில் ஆறு நிமிடத்தில் பாதியானால் மணிக்கு 277. பெட்டி ஓடாதபோது தானாகக் குறையும் பங்கைக் கழித்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஃபில்டரை வாங்கி, பெட்டியைக் கட்டி முடித்த பிறகுதான் இது தெரியவருகிறது. நான் கேட்பது, வாங்குவதற்கு முன்னாலேயே தெரிய வேண்டும் என்று.

கடைசியாக ஒன்று. பரணில் அந்தப் பழைய இயந்திரம் இன்னும் கிடக்கிறது. போன மாதம் இறக்கித் துடைத்து ஓட்டிப் பார்த்தேன், மோட்டார் சத்தமில்லாமல் சுற்றுகிறது. தட்டையான ஃபில்டர் ஒன்றைப் பொருத்த மரச்சட்டம் செய்துகொண்டிருக்கிறேன். மாடலை நிறுத்தும்போது அதன் ஃபில்டரின் அளவுப்படத்தை வெளியிட்டுவிட்டு நிறுத்துங்கள். ஒரு பக்கம் போதும்: வெளி விட்டம், உள் விட்டம், உயரம், காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் உட்காரும் இடம். மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் ஃபில்டரின் ஓரத்துக்கு டேப் ஒட்டுபவன்