போதும் என்று நிறுத்தியவர்களையும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இதழின் சாதனையாளர் பக்கத்தை விடாமல் படிக்கிறவள் நான். கொடைக்கானல் மேல்மலையில், பூம்பாறையில், பூண்டும் உருளைக்கிழங்கும் பயிரிடுகிறோம். சென்ற வாரம் அந்தப் பக்கத்தில், பூண்டு விளைந்த நிலத்தில் காட்டேஜ் கட்டி முன்னுக்கு வந்த ஒருவரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவர் உழைப்பாளி, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இன்னமும் விவசாயத்தையே பிடித்துக்கொண்டிருப்பவர்கள் அவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதுபோலக் கட்டுரையை முடித்திருந்தீர்கள். அது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பூண்டுக்குத் தனியாக விதை கிடையாது. பூண்டுப் பல்லைத்தான் ஊன்ற வேண்டும். ஏக்கருக்கு 200 கிலோவுக்குக் குறையாமல் பிடிக்கும். நடவு நேரத்தில் அதை விலைக்கு வாங்கப் போனால் பெரிய செலவே அதுதான். கையில் காசில்லாதவர் மண்டியில் விதையைக் கடனாக வாங்குவார். வாங்கினால் அறுவடையை அதே மண்டியில்தான் போட வேண்டும், அவர்கள் சொல்வதுதான் விலை. கமிஷனும் கடனும் கழித்து மிஞ்சுவது வீட்டுச் செலவுக்கே பத்தாது. அப்புறம் விதைக்கென்று எதை எடுத்து வைப்பது? அடுத்த போகத்துக்கும் கடன் விதைதான். என் மாமியார் ஆயுசு முழுக்க இந்தச் சுழலிலேயே இருந்தார். தன் நிலத்தில் விளைந்த நல்ல பூண்டை ஒரு தடவைகூட அவர் விதைக்கு நிறுத்தி வைத்ததில்லை.

அவர் போன பிறகு நானும் வீட்டுக்காரரும் ஒரு முடிவு எடுத்தோம். நம் நிலத்துக்கு வேண்டிய விதைப் பூண்டு நம் வீட்டிலேயே இருக்க வேண்டும். அதற்கு மேல் எதையும் நினைக்கவில்லை. வெளியில் இருந்து கேட்டால் இது சின்ன ஆசையாகத் தெரியும். எங்களுக்கு அதற்கே பல வருஷம் ஆனது. எங்கள் நிலம் மலைச்சரிவில் படிக்கட்டுபோல வெட்டியது; முதலில் அதில் ஒரே ஒரு படியில் விளைந்ததை மட்டும் விற்காமல் வைத்தோம். திரண்ட பூண்டாகப் பொறுக்கி, தாளோடு சேர்த்துக் கட்டி, கழியில் தொங்கவிட்டு, கீழே புகை போடுவோம். எங்கள் குளிருக்கும் ஈரத்துக்கும் புகை காட்டாமல் பூண்டு தங்காது. விலை ஏறிய சமயத்தில் வியாபாரிகள் வீடு தேடி வந்து கேட்டார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் செலவு இருந்தது. அப்போதும் அதில் கை வைக்கவில்லை. அடுத்து இரண்டு படி. ஒரு போகத்தில் காட்டுமாடு இறங்கி மிதித்து, சேர்த்ததில் பாதி போய்விட்டது. மறுபடியும் முதலிலிருந்து.

இன்றைக்கு நாங்கள் ஊன்றுவது முழுக்க எங்கள் விதை. வடுகபட்டி பூண்டுச் சந்தையில் விலை சரியில்லை என்றால், "இந்த வாரம் வேண்டாம்" என்று சொல்ல முடிகிறது. 2019இல் கொடைக்கானல் மலைப் பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரில் எல்லோருக்கும் சந்தோஷம்தான். ஆனால் விதைக்கே கடன்பட்டு நிற்கிறவர், அந்தப் பெயருக்காக நாலு காசு அதிகம் கேட்க முடியுமா? கேட்கிற நிலையில் நாங்கள் இருக்கிறோம். நான் வெற்றி என்று சொல்வது இதைத்தான். எங்களிடம் கார் இல்லை, வீட்டுக்குத் தகரக் கூரைதான்.

நிலத்தை விற்றவர்களை நான் குறை சொல்லவில்லை. எங்களுக்கு மேல்படிக்காரர் மகளை நர்சிங் படிக்க வைப்பதற்காகவே விற்றார். அந்தப் பெண் இப்போது மதுரையில் வேலை பார்க்கிறாள். அவர் நினைத்தது நடந்தது.

என் மகன் பி.காம். முடித்துவிட்டு வத்தலக்குண்டில் டிராக்டர் மெக்கானிக்காக இருக்கிறான். "படிச்ச பையன் இப்படி ஆயிட்டானே" என்று சொந்தக்காரர்கள் என்னிடம் துக்கம் விசாரிப்பதுபோல் கேட்கிறார்கள். சின்ன வயதிலேயே எங்கே இன்ஜின் சத்தம் கேட்டாலும் ஓடிப்போய் நிற்கிற பையன் அவன். "மூணு பேர் பார்த்துட்டு விட்ட வண்டிம்மா, இன்னைக்கு ஸ்டார்ட் பண்ணிட்டேன்" என்று ராத்திரி போனில் சொல்லும்போது அவன் குரலைக் கேட்க வேண்டும். அந்தச் சந்தோஷத்தை எந்தச் சம்பளக் கணக்கில் எழுதுவீர்கள்?

அதனால் உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பக்கத்துக்கு ஆள் தேடும்போது, வருமானம் எவ்வளவு, தொழில் எத்தனை மடங்கு வளர்ந்தது என்று மட்டும் விசாரிக்காதீர்கள். என்ன நினைத்து ஆரம்பித்தார்கள், அது நடந்ததா என்றும் உங்கள் நிருபர்கள் கேட்கட்டும். எந்த இடத்தில் போதும் என்று நிறுத்தினார்கள், ஏன் நிறுத்தினார்கள் என்றும் கேட்கட்டும். பதில் சொல்ல மன்னவனூர், கூக்கால், கவுஞ்சி, பூண்டி என்று மேல்மலை முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள். அறுவடை சமயத்தில் வந்தால் நிலத்திலேயே பார்த்துப் பேசலாம். மத்தியானத்துக்கு மேல் மூடுபனி இறங்கிவிடும், அதனால் காலையிலேயே வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பூண்டு விவசாயி ஒருவர்,
பூம்பாறை, கொடைக்கானல் வட்டம்.