படிகத்தை மூடுவதற்கு முன்

டர்பன்,
செப்டம்பர் 21

அன்புள்ள சரவணா,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. உங்கள் பிள்ளைகள் க்யூப்சாட் என்னும் சின்னஞ்சிறு செயற்கைக்கோளில், தொலைவிண்வெளியில் மின்னி மறையும் காமாக் கதிர் வெடிப்பைப் பிடிக்கும் கருவி வைக்கப்போகிறார்கள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. இங்கே புரட்டாசி தொடங்கியாயிற்று. சாட்ஸ்வொர்த்தில் பாதி வீடுகளில் மீன்சட்டியைக் கழுவிப் பரணில் ஏற்றிவிட்டார்கள். வீட்டில் எல்லோரும் நலம். நேரே உன் கேள்விக்கு வருகிறேன்.

பத்து சென்டிமீட்டர் பெட்டியால் என்ன முடியும் என்று சிலர் கேட்பதாக எழுதியிருந்தாய். ஜிஆர்பி ஆல்ஃபா என்ற க்யூப்சாட்டைக் காட்டு. ஹங்கேரி, ஸ்லோவாக்கியா, செக், ஜப்பான் ஆட்கள் சேர்ந்து செய்து 2021 மார்ச்சில் ஏவினார்கள். உள்ளே இருந்தது 75 மில்லிமீட்டர் சதுரமும் 5 மில்லிமீட்டர் கனமும் உள்ள ஒரே ஒரு சீசியம் அயோடைடு படிகம். 2022 அக்டோபர் 9-ஆம் தேதி, இதுவரை பதிவானதிலேயே பிரகாசமான வெடிப்பு வந்தபோது பெரிய கருவிகள் பல எண்ண முடியாமல் திணறின. இந்தச் சின்னப் பெட்டி நிரம்பி வழியாமல் அதன் உச்சத்தை அளந்து கொடுத்தது. சிறிய பரப்பு அன்றைக்கு வசதியாகப் போயிற்று.

நீ கேட்டது, எவ்வளவு மங்கலான வெடிப்பு வரைக்கும் தெரியும் என்று. நான் அதற்கு முன்னால் வேறொன்றைக் கேட்பேன். வெடிப்பே இல்லாத நேரத்தில் உங்கள் கருவி என்ன எண்ணிக்கொண்டிருக்கும்? அதைத் தரையிலேயே துல்லியமாகத் தெரிந்துகொள்ளாவிட்டால் மேலே போனபின் எது வெடிப்பு, எது கருவியின் கோளாறு என்று பிரிக்க வழியே இல்லை.

முதலில் படிகம். காமாக் கதிர் பட்டால் அதனுள் ஒளி மின்னும், அந்த ஒளியைத்தான் சென்சார் எண்ணுகிறது. தாலியம் கலந்த சீசியம் அயோடைடைத் தேர்ந்தது சரி. சோடியம் அயோடைடு ஈரத்தை அப்படியே உறிஞ்சிவிடும். சீசியம் அயோடைடு அவ்வளவு மோசமில்லை, ஆனால் ஈரமே படாதது என்று நினைத்துவிடாதே. உங்கள் ஊர் க்யூர்பீப்பின் மழையும் பனிமூட்டமும் உனக்குத் தெரியும். படிகத்தைத் திறந்த மேசையில் வைத்தால் பளபளப்பு போய் மேற்பரப்பு மங்கிவிடும். உள்ளே பிறக்கும் ஒளி பக்கவாட்டில் பட்டுத் திரும்புவது அந்தப் பரப்பில்தான். அது மங்கினால் சென்சாருக்குப் போகும் ஒளி குறையும், கதிரின் ஆற்றலைக் காட்டும் வரைபடத்தில் உச்சம் அகன்றுவிடும். கையுறை இல்லாமல் தொடவே கூடாது. உலர் நைட்ரஜன் ஓடும் பெட்டிக்குள் வேலை செய்யுங்கள். இடைவேளையில் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள்.

அடுத்தது பசை. பாதித் திட்டங்கள் தடுக்கி விழுவது இங்கேதான் என்பேன். படிகத்தையும் அதன் ஒளியை உணரும் சென்சாரான சிலிக்கான் போட்டோமல்டிப்ளையரையும் ஒட்டும் சிலிக்கோன் பசையைக் கலக்கும்போது கண்ணுக்குத் தெரியாத காற்றுக்குமிழ்கள் உள்ளே சிக்கும். தரையில் ஒன்றும் ஆகாது. வெற்றிடத்தில் அவை உப்பி, பசை ஒரு ஓரமாக விட்டுக்கொடுக்கும், அங்கே ஒளி தப்பிப்போகும். ஆகவே கலந்த பசையை ஒட்டுவதற்கு முன்பே வெற்றிட அறையில் வைத்து, நுரைத்து அடங்கும்வரை காத்திருங்கள். ஒட்டி உலர்ந்ததும் சீசியம்-137 கதிர்வீச்சு மூலத்தை வைத்து அதன் 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (கதிரின் ஆற்றல் அளவு) உச்சம் எந்த சேனலில் (ஆற்றல் படியில்) விழுகிறது என்று எழுதிவையுங்கள். அதிர்வுச் சோதனைக்குப் பின் ஒரு தடவை, வெப்ப வெற்றிடச் சோதனைக்குப் பின் ஒரு தடவை, அதே மூலம், அதே தூரம், அதே வெப்பநிலை. உச்சம் கீழே இறங்கியிருந்தால் ஒட்டு விட்டிருக்கிறது என்று முதலில் சந்தேகப்படு.

ஒளிக்கசிவையும் லேசாக எடுக்காதே. ஒற்றை ஒளித்துகளையே உணரும் சென்சார் அது. ஊசிமுனை ஓட்டை வழியாக வரும் சூரிய ஒளி போதும், எல்லாம் பாழ். பிரதிபலிப்புத் தாள் சுற்றி, அதன்மேல் கறுப்புத் தாள் சுற்றியபின் இருட்டறையில் பத்து நிமிடம் எண்ணச் சொல். பிறகு நல்ல வெளிச்சமுள்ள டார்ச்சை மூலை, மடிப்பு, கேபிள் வெளிவரும் துவாரம் என்று ஒவ்வொரு இடத்திலும் அரை நிமிடம் பிடித்து எண்ணிக்கை ஏறுகிறதா என்று பார். கேபிள் துவாரத்தில்தான் பெரும்பாலும் மாட்டும். அதற்காக ஒரேயடியாகக் காற்றுப் புகாமல் ஒட்டிவிடவும் கூடாது. உள்ளே சிக்கிய காற்று ராக்கெட் மேலேறும்போது உப்பித் தாளைக் கிழிக்கும். காற்று வெளியேறவும் ஒளி நுழையாமலிருக்கவும் இரண்டு மூன்று வளைவுள்ள வழி ஒன்று விடவேண்டும்.

வெப்பநிலைக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். நீங்கள் வாங்கிய வகை சென்சாரின் முறிவு மின்னழுத்தம், அதாவது அது வேலை செய்யத் தொடங்கும் மின்னழுத்தம், டிகிரிக்கு 54 மில்லிவோல்ட் நகரும். அதற்கு மேல் 3 வோல்ட் கூடுதலில் இயக்கினால், 10 டிகிரி கூடும்போது 0.54 வோல்ட், அதாவது சென்சாரின் பெருக்கத்தில் 18 விழுக்காடு போய்விடும். பூமியை ஒரு சுற்று வர ஒன்றரை மணி நேரம், அதற்குள் வெயிலும் நிழலும் மாறி மாறி வரும். திருத்தாமல் விட்டால், எண்ணத் தொடங்கும் கீழ் வரம்பு ஏறி இறங்க, எண்ணிக்கையும் கூடவே ஆடும். சென்சார் பலகையிலேயே வெப்பமானி வைத்து மின்னழுத்தத்தைத் தானாகச் சரிசெய்யச் சொல். மைனஸ் 20, 0, 20, 40 டிகிரி நான்கிலும் அமெரீசியம்-241-இன் 59.5, பேரியம்-133-இன் 81, 356, சீசியத்தின் 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட் உச்சங்கள் எல்லாவற்றையும் எடுங்கள். படிகத்தின் ஒளியும் வெப்பத்தோடு மாறும் என்பதால் சென்சார் கணக்கு மட்டும் போதாது, அளந்தே ஆகவேண்டும்.

இனி எச்சரிக்கை மென்பொருள். எண்ணிக்கையைக் கூட்டிப் பார்க்க ஒரே ஒரு நேரச் சாளரம் போதும் என்று உங்கள் பிள்ளைகள் எழுதியிருப்பது சரிவராது. பின்னணி, அதாவது வெடிப்பில்லாத நேர எண்ணிக்கை, நொடிக்கு 100 என்று வைத்துக்கொள். 0.1 நொடியே நீடிக்கும் ஒரு குறுவெடிப்பு 30 கூடுதல் எண்ணிக்கை தருகிறது. ஒரு நொடிச் சாளரத்தில் சிதறல் (பின்னணி தற்செயலாக ஏறி இறங்கும் அளவு, எண்ணிக்கையின் வர்க்கமூலம்) 10, ஆக அது வெறும் 3 சிக்மா, அதாவது சிதறலைப் போல 3 மடங்கு, தப்பிவிடும். 128 மில்லிநொடிச் சாளரத்தில் பின்னணி 12.8, சிதறல் 3.6 தான்; அதே 30 இப்போது 8 சிக்மாவைத் தாண்டும். இரண்டு நொடிக்கு மேற்பட்ட நீள்வெடிப்புக்கு இது தலைகீழ். எனவே 16 மில்லிநொடியிலிருந்து 8 நொடி வரை இரட்டிப்பாகப் பல சாளரங்கள் வேண்டும். ஆனால் 16 மில்லிநொடி என்றால் ஒரு நாளைக்கு 54 லட்சம் சாளரங்கள். 5 சிக்மாவைப் பின்னணி தற்செயலாகத் தாண்டுவது ஏறத்தாழ 35 லட்சத்தில் ஒரு முறை. கருவி குறையே இல்லாமல் ஓடினாலும் தினம் ஒன்றிரண்டு பொய் எச்சரிக்கை வரும். எண்ணிக்கை குறைவான சாளரத்தில் அதற்கும் மேல். ஒவ்வொரு சாளரத்துக்கும் தனித்தனி வரம்பு வை.

சுற்றுப்பாதை தரும் பொய்களும் உண்டு. பூமியின் காந்தப்புலம் பலவீனமாகி மின்துகள்கள் தாழ இறங்கும் தென் அட்லாண்டிக் முரண்பகுதிக்குள் நுழையும்போது மின்னழுத்தத்தை இறக்கிவிடுங்கள். வெளியே வந்த உடனே நம்பாதே: அயோடின்-128 படிகத்துக்குள்ளேயே உருவாகி 25 நிமிட அரைவாழ்வோடு மின்னிக்கொண்டிருக்கும். அந்தப் பகுதியின் எல்லையைப் பழைய வரைபடத்திலிருந்து எடுக்கவும் வேண்டாம். எங்கள் தென்னாப்பிரிக்காவின் ஹெர்மானஸில் 1941 முதல் காந்தப்புலத்தை அளக்கிறார்கள், அது தொடர்ந்து குறைந்துகொண்டே வருகிறது. எல்லையை மேலே அனுப்பி மாற்றக்கூடிய அட்டவணையாக வை. சூரியத் தீப்பிழம்பு மென்மையாக, பெரும்பாலும் கீழ் ஆற்றலில் வரும். ஆற்றலை நான்கு பட்டைகளாகப் பிரித்தால் அதைக் கண்டுகொள்ளலாம்.

நேரம். 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு பிழை) கடிகாரம் ஒரு சுற்றில் 108 மில்லிநொடி வரை விலகும். மில்லிநொடிக்கு ஒளி 300 கிலோமீட்டர் ஓடுகிறது. ஒரே படிகத்தால் திசை சொல்ல முடியாது, வேறு செயற்கைக்கோள்களோடு நேரத்தை ஒப்பிட்டுத்தான், வெடிப்பு இருக்கக்கூடிய இடங்களை வானில் வட்டமாக வரைய வேண்டும். கடிகாரம் தவறினால் உங்கள் பதிவு அந்தக் கணக்குக்கு உதவாது. ஜிபிஎஸ் நொடித்துடிப்பில் கட்டியே தீரவேண்டும். இதில் சிக்கனம் பார்க்காதே.

தகவலுக்கும் கணக்கு போட்டேன். ஒவ்வொரு நிகழ்வுக்கும் 4 பைட், நொடிக்கு 100 என்றால் நாளைக்கு 34 மெகாபைட்டுக்கு மேல். 9600 பிட் வேகத்தில், பத்து நிமிடம் வீதம் நான்கு தடவை தொடர்பு கிடைத்தாலும் 3 மெகாபைட்டுக்குக் குறைவுதான் இறங்கும். ஆகவே நான்கு பட்டைக்கும் நொடிக்கு ஒவ்வொரு எண், எண்ணுக்கு ஒரு பைட்டாகச் சுருக்கி முழுநாளையும் இறக்கு; 350 கிலோபைட்டுக்குள் அடங்கும். மூல நிகழ்வுகளை இரண்டு நாள் மேலேயே சுழற்சி நினைவகத்தில் வை. ஃபெர்மி, ஸ்விஃப்ட் போன்ற பெரிய செயற்கைக்கோள்கள் வெடிப்பு அறிவித்தால் அதன் முன்னும் பின்னும் 300 நொடியை மட்டும் கேட்டு வாங்கு, 240 கிலோபைட் ஆகும். அணுகுண்டுச் சோதனைகளைக் கண்காணித்த அமெரிக்காவின் வேலா செயற்கைக்கோள்கள் 1967 ஜூலை 2-இல் பதிவு செய்த வெடிப்பு பின்னாளில் அடையாளம் காணப்பட்டதே, பதிவுகளைத் தூக்கி எறியாமல் நேரத்தோடு வைத்திருந்ததால்தான். இதைப் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்.

கண்ணாடி (ஆடி) வைத்துக் கதிரைக் குவிக்க முடியாதா என்று உங்கள் குழுவில் ஒரு பெண் கேட்டிருந்தாளே, நல்ல கேள்வி. இந்த ஆற்றலில் காமாக் கதிர் ஆடியில் திரும்பாது, ஊடுருவிவிடும். ஸ்விஃப்டில் சுமார் 52,000 ஈயத் துண்டுகளை ஒழுங்கின்றிப் பரப்பி, கீழே 32,768 சிறு கண்டுணர்விகளில் விழும் நிழலை வைத்துத் திசை கண்டுபிடிக்கிறார்கள். திசை தெரிந்த பிறகுதான் சதர்லாந்தில் இருக்கும் சால்ட் போன்ற தொலைநோக்கிகளுக்கு வேலை. உங்கள் பெட்டிக்கு அது பொருந்தாது, ஆனால் அவளைக் கேட்டுக்கொண்டே இருக்கச் சொல்.

அடுத்த கடிதத்தில் எனக்கு ஒன்றே ஒன்று வேண்டும். தாள் சுற்றி மூடிய கருவியை, மூலம் எதுவும் பக்கத்தில் இல்லாமல், 24 மணி நேரம் எண்ணவிட்டு, வெப்பநிலையோடு சேர்த்து அந்தக் கோப்பை அனுப்பு. 16 மில்லிநொடி வரம்பை அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம். அதுவரை பெட்டியின் மூடித் திருகுகளுக்குப் பசை போடவேண்டாம்.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்,
லோகன்