பாதுவா மாநாட்டுப் பயணம்: வெள்ளிக்குள் பதில் போடுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். இத்தாலியின் பாதுவா நகரில் மருத்துவ மாநாடு ஜூன் 11 முதல் 13 வரை, நாம் சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்திலிருந்து கிளம்புவது ஜூன் 9 இரவு. வருபவர்கள் கவனிக்க:

1. வருகிறீர்களா இல்லையா என்று வெள்ளி இரவு 9 மணிக்குள் இங்கேயே சொல்லுங்கள். கட்டைவிரல் படம் மட்டும் போட்டால் எந்தக் கணக்கில் எழுதுவது?

2. இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசிகளுக்கு ஷெங்கன் விசா (இத்தாலி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) கட்டாயம். இன்றே நேரம் பதியுங்கள். சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கு விசா வேண்டாம், ஆனால் காலாவதித் தேதியைப் பாருங்கள்.

3. வெனிஸில் இறங்கி பாதுவாவுக்கு ரயிலில் போகிறோம். வட்டார ரயிலுக்குக் காகித டிக்கெட் வாங்கினால் ஏறும் முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும், மறந்தால் அபராதம்.

4. 14ஆம் தேதி காலை பாதுவா பல்கலைக்கழகம் பார்க்கிறோம். 1222இல் தொடங்கியது. அங்கே 1595இல் கட்டிய உடற்கூறு அரங்கு அப்படியே இருக்கிறது: முட்டை வடிவத்தில் ஆறு அடுக்கு மரத்தடுப்புகள், மாணவர்கள் நின்றபடியே கீழே இறந்த உடலை அறுத்துக் காட்டுவதை எட்டிப் பார்ப்பார்களாம். ரத்த ஓட்டத்தை விளக்கிய வில்லியம் ஹார்வி 1602இல் பட்டம் வாங்கியது இங்கேதான். மாநாட்டு உரைகளைவிட எனக்கு இதில்தான் ஆர்வம், தலைவரிடம் சொல்லிவிடாதீர்கள். வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள், அதனால் ஆள் கணக்கு சரியாக வேண்டும்.

5. 1545இல் அமைத்த மூலிகைத் தோட்டமும் உண்டு, நடக்கத் தோதான செருப்பு எடுங்கள்.

6. ஞாயிறு காலை 10 மணிக்குத் தேக்கா உணவங்காடியில் சந்திப்போம், கடப்பிதழ் நகலோடு வாருங்கள். சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் அப்போதே சொல்லிவிடுங்கள்.