வீட்டுப் படங்களுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

வீட்டுப் பொருள்களை வெயிலால் தாளில் நீலமாகப் பதித்த என் படங்களின் கண்காட்சி நல்லபடியாக முடிந்தது. வந்தவர்கள் எல்லாரும் என்னைத்தான் பாராட்டிவிட்டுப் போனார்கள், ஆனால் பாதி வேலை மற்றவர்கள் செய்தது.

முதல் நன்றி அம்மாவுக்கு. காய்ந்த துணியை மடிக்காமல் நாற்காலியிலேயே கிடக்கவிட்டதற்கு. எதையும் கண்ட இடத்தில் விட்டுவைக்காத மனுஷிக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று எங்கள் வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

இது என்ன முறை என்று பலர் கேட்டீர்கள். சயனோடைப். 1842இல் ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்தது. இரும்புச் சத்துள்ள இரண்டு கரைசல்களைக் கலந்து தாளில் பூசி, இருட்டில் உலர்த்தி, மேலே பொருளை வைத்து வெயிலில் காட்டிவிட்டுத் தண்ணீரில் அலச வேண்டும், வெயில் பட்ட இடம் நீலமாகும், பொருள் மறைத்த இடம் வெள்ளையாக நிற்கும், கேமராவே வேண்டாம். தாள் பல நிமிஷம் வெயிலில் கிடக்கும், சூரியனோ 2 நிமிஷத்தில் தன் அகலத்துக்கு நகர்ந்துவிடும். அதனால்தான் அந்த உயரமான தம்ளரின் நிழல் ஒரு பக்கம் கரைந்த மாதிரி இருக்கிறது. வீட்டில் நேரம் போவதை நான் வரையவில்லை, அதுவே வந்து உட்கார்ந்துகொண்டது.

அப்புறம் அக்கா மகள். சீப்புக்குப் பக்கத்தில் கையை வைத்தாள், பாதியிலேயே எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள் (ரசாயனம் படாமல் பிளாஸ்டிக் தாள் விரித்திருந்தேன், பயப்படாதீர்கள்). சீப்பின் ஒவ்வொரு பல்லும் பளிச்சென்று வெள்ளை, விரல்கள் மட்டும் வெளிர் நீலத்தில், இருந்தும் இல்லாமலும். அசையாதே என்று அதட்டியிருந்தால் அந்தப் படம் கிடைத்திருக்காது. எல்லாரும் அதிக நேரம் நின்றது அதன் முன்னால்தான்.

"படத்துக்குக் கீழே தத்துவம் எழுதாதே, பொருளின் பெயரும் எடுத்த நேரமும் போதும்" என்று அடித்துச் சொன்ன நண்பருக்கு நன்றி, நான் எழுதி வைத்திருந்ததை நல்லவேளையாக யாரும் பார்க்கவில்லை. அலசுவதற்குப் பெரிய தொட்டி கொடுத்த மேல்வீட்டு அண்ணனுக்கும், அவசரத்தில் படங்களுக்குச் சட்டம் போட்டுக் கொடுத்தவருக்கும் நன்றி.

படம் வாங்கியவர்களுக்குத் தனியாக ஒன்று. நேர் வெயில் விழும் சுவரில் மாட்டாதீர்கள். சட்டத்தைத் துடைக்கும்போது சோப்புத் தண்ணீர் உள்ளே இறங்கக் கூடாது, சோப்பில் உள்ள காரம் பட்டால் நீலம் வெளுத்துவிடும். வெளிச்சத்தில் இருந்து நிறம் மங்கினால் கழற்றிச் சில நாள் இருட்டான அலமாரியில் வையுங்கள், பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். வராவிட்டால் எனக்குச் சொல்லுங்கள், வேறு ஒன்று போட்டுத் தருகிறேன்.