பல்லுக்குள் மரப்பால்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பல்வலியில் கிடந்தேன், கோபித்துக்கொள்ளாதே.

கடைவாய்ப் பல்லில் ரூட் கெனால். வேரைக் குடைந்து சுத்தம் செய்த டாக்டர், அந்தக் குழியை அடைக்க ஊசி மாதிரி ஒல்லியான இளஞ்சிவப்புக் குச்சி ஒன்றை எடுத்தார். அது என்ன என்று கேட்டேன். திறந்த வாயோடு கேட்டது "ஆ ஆ" என்றுதான் வந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. "குட்டா பெர்ச்சா. மரப்பால்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் தேடிப் படித்தேன். மலேயா, சுமத்ரா காட்டு மரத்தின் பால் அது. ரப்பரும் இதுவும் ஐசோபிரீன் என்ற ஒரே மூலக்கூறை மணி போலக் கோத்த சரங்கள்தான். கோத்த விதம் வேறு. அதனால் இது ரப்பர் போல இழுபடாது. வெந்நீரில் போட்டால் இளகும், ஆறினால் கெட்டியாகிவிடும். கடல்நீரில் கெடாது, மின்சாரத்தையும் கசிய விடாது. 1866இல் அட்லாண்டிக் கடலடியில் போட்ட தந்திக் கம்பிக்கு இதுதான் உறை. கீறினால் ரப்பர் மரம் போலத் தாராளமாக வடியாது என்று மரத்தையே வெட்டிச் சாய்த்துப் பால் எடுத்திருக்கிறார்கள். படிக்கவே வயிறு எரிந்தது.

இந்த மரம் நம் இலுப்பைக்கும் சப்போட்டாவுக்கும் பங்காளியாம்! உங்கள் கொல்லைச் சப்போட்டாவைக் காயிலேயே கடித்து, உதடு ஒட்டிக்கொண்டு, உன் அம்மா தேங்காய் எண்ணெய் தேய்த்துவிட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா? மெக்சிகோவில் அந்தச் சப்போட்டா மரத்துப் பாலைக் காய்ச்சி 'சிக்கிள்' என்பார்கள். நியூயார்க்கில் தாமஸ் ஆடம்ஸ் அதை ரப்பராக்கப் பார்த்துத் தோற்றார். கடைசியில் சூயிங்கமாக விற்றார். இப்போது சூயிங்கத்தில் பெரும்பாலும் செயற்கைப் பிசின்தான்.

அப்புறம், வேலிக்குத் திருகுகள்ளி வைக்கப்போவதாக எழுதியிருந்தாய். தாராளமாக வை, ஆடு வாய் வைக்காது. செடிகொடிகளுக்கு அறிவியல் பெயர் வைத்த லின்னேயஸ் 1753இல் அதற்குச் சூட்டிய பெயரிலேயே 'திருக்கள்ளி' இருக்கிறது. மலபார்க்காரர்கள் வாயிலிருந்து போன சொல். அதன் பாலிலிருந்து எரியெண்ணெய் எடுக்கலாம் என்று நோபல் பரிசு வாங்கிய மெல்வின் கால்வின் 1970களில் சொல்லிக்கொண்டிருந்தார். எண்ணெய் கிடக்கட்டும், நீ கிளை ஒடிக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள். ஒரு துளி தெறித்தாலும் கருவிழி புண்ணாகிவிடும். பட்டுவிட்டால் கசக்காதே, தண்ணீரை விட்டுக் கழுவிக்கொண்டே இரு, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடு.

எனக்கு அடுத்த வாரம்தான் பல்லுக்கு மூடி போடுகிறார்கள். அம்மா முறுக்கு சுட்டால் நாலு எடுத்து வை.

அன்புடன்,
மணி