பந்தயத்தைக் கவனித்து எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பள்ளி விளையாட்டு விழாவை வைத்து எழுதப்படும் சிறார் நகைச்சுவைக் கதைகளை "ஓடினான், விழுந்தான், சிரித்தார்கள்" வகை என்று சென்ற இதழின் நூல் பகுதியில் ஒரே வரியில் ஒதுக்கியிருந்தீர்கள். அப்படிப்பட்டவை நிறைய வருகின்றன, மறுக்கவில்லை. எழுதுகிறவர்கள் பந்தயத்தைக் கூர்ந்து பார்க்காததுதான் காரணம். பார்த்தால் சிரிப்பு அங்கேயே கொட்டிக் கிடக்கிறது.

மூன்று கால் ஓட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இருவரின் உள்கால்களைச் சேர்த்துக் கட்டுகிறோம். இப்போது ஆசிரியர் "இடது, வலது" என்று கத்தினால் என்ன ஆகும்? ஒருத்திக்கு இடது கால் கட்டிய கால், மற்றவளுக்கு அதுவே கட்டாத கால். இருவரும் சொன்ன பேச்சைச் சரியாகக் கேட்டதால்தான் சாய்கிறார்கள். "கட்டினது, கட்டாதது" என்று சொல்லிப் பார்க்கலாம் என அவர்களே கண்டுபிடித்தால் ஓர் அத்தியாயம் கிடைத்துவிட்டது. பெரியவர் யாரும் வந்து வழிகாட்டத் தேவையில்லை. வந்தால் கதை கெட்டுவிடும்.

எலுமிச்சை-கரண்டி ஓட்டமும் அப்படித்தான். பழத்தைப் பார்த்தால் பக்கத்துக் கோட்டுக்குள் போய்விடுவோம், எல்லைக்கோட்டைப் பார்த்தால் பழம் உருளும். 7 வயதுப் பிள்ளை சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்ளும். "பழத்தைக் கீழே போடக் கூடாது" என்றால், விசில் ஊதியதும் அசையாமல் நின்று, "நான் போடவே இல்லை!" என்று பெருமைப்படும். வாசிக்கும் பிள்ளை அவள் பக்கம் நின்று சிரிக்கும். குண்டாக இருக்கிறான், மெதுவாக ஓடுகிறான் என்று சிரிக்கவைக்கும் பக்கத்தை எத்தனை அழகான படம் போட்டாலும் காப்பாற்ற முடியாது. வகுப்பில் சத்தமாக வாசிக்கும்போது அந்தச் சிரிப்பு யார் மேல் போய் விழும் என்று எழுதுகிறவர் ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு பொதுவான தவறு, முதல் அத்தியாயத்திலேயே மைதானத்துக்குப் போய்விடுவது. 50 மீட்டர் ஓட்டம் கால் நிமிடத்துக்குள் முடிந்துவிடும். எட்டு, ஒன்பது அத்தியாயக் கதைக்கு விழா நாள் கடைசி மூன்றில் வந்தால் போதும். பெயர் கொடுப்பது, அணி பிரிப்பது, வீட்டுக் கூடத்தில் தலையணை உறைக்குள் காலைவிட்டுச் சாக்கு ஓட்டம் பழகுவது, முந்தின நாள் மழை வருமா என்ற கவலை — கதை அங்கேதான் இருக்கிறது.

மொழி விஷயத்தில்தான் நம் புத்தகங்கள் அதிகம் சறுக்குகின்றன. "ஓடிக்கொண்டிருந்தவர்களையெல்லாம்" என்ற ஒரு சொல்லில் 17 எழுத்துகள். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளை கடைசி எழுத்துக்கு வருவதற்குள் முதல் எழுத்தை மறந்திருக்கும். நகைச்சுவை எப்படிப் போய்ச் சேரும்? "எல்லோரும் ஓடினார்கள். அவர்களை..." என்று உடைத்து எழுதலாம். ஆங்கில நூல்களின் சொல் எண்ணிக்கையை இங்கே அளவுகோலாக வைப்பதும் இதனால்தான் பொருந்தாது. நாம் பார்க்க வேண்டியது, வரிக்கு எத்தனை சொல், சொல்லுக்கு எத்தனை எழுத்து என்பதை. கதை சொல்லும் நடை எளிய எழுத்துத் தமிழாக இருக்கட்டும். பேச்சு மட்டும் பேச்சாக வரட்டும்: "நான் விழலை, உக்காந்தேன்" என்பதை "நான் விழவில்லை, உட்கார்ந்தேன்" என்று திருத்தினால் பாதிச் சிரிப்பு போய்விடும்.

படமும் வரியும் ஒன்றையே சொல்லக் கூடாது. "நேராத்தான் ஓடினேன்" என்று வரி சொல்லட்டும். பாம்பு போல வளைந்த காலடித் தடத்தைப் படம் காட்டட்டும்.

இனி இவ்வகை நூல்களுக்கு மதிப்புரை எழுதும்போது கதைச் சுருக்கத்தைக் கொஞ்சம் குறைத்து, பக்க எண்ணிக்கை, எழுத்தின் அளவு, ஓர் அத்தியாயம் எத்தனை பக்கம், எத்தனை பக்கத்துக்கு ஒரு படம் ஆகியவற்றையும் சேர்த்துப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். பிள்ளை தனியாகப் படிக்குமா, பக்கத்தில் ஒருவர் உட்கார வேண்டுமா என்பதைப் பெற்றோர் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

இப்படிக்கு,
சிறார் நூல்களைச் செம்மை செய்யும் ஒரு வாசகர்